மாமியின் காரில் இருந்த அரிசி

ஒரு வின்ரர் முழுக்க எங்கள் வீட்டு அரிசி காரில் இருந்தது. இதைச் சொன்னால் என்னோடு ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த சிநேகிதிகளே நம்புவதில்லை. அப்பாவின் தங்கையான என் மாமியின் காரில், டிக்கியைத் திறந்தால், பின்சில்லுகளுக்கு நேர் மேலே இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக நாற்பது இறாத்தல் அரிசிப் பைகள் இரண்டு படுத்திருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அரிசிக்கு முன்னால் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டே கதவு, தக்காளிச் சிவப்பு, நிலத்தை முத்தமிடுகிற உயரம். எஞ்சினின் பலத்தை மாமி குதிரைக் கணக்கில் சொல்லுவார். வேலைக்குப் போய்வர முந்நூறு குதிரை என்னத்துக்கு என்று அப்பா கேட்பார். பெரும்பாலான கார்களை முன்சில்லு இழுக்கும், இந்தக் காரைப் பின்சில்லு தள்ளும். கோடையில் அது சுகம், பனியில் அது வில்லங்கம். அதனால் இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் நவம்பரில் போர்வை போட்டுக் கராஜில் படுக்க வைத்துவிட்டு, வேறொரு பழைய காரில் திரிவார்கள். மாமியிடம் வேறு கார் இல்லை. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு சரக்குக் கந்தோரில் அவருக்குப் பின்னேர வேலை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்து புறப்பட்டு மாரி கோடை என்று பாராமல் அந்தக் காரில்தான் போய்வந்தார்.

மாமி கலியாணம் கட்டி இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போய் ஒரு சூட்கேசோடு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொந்தக்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பாவே பதில் சொல்லி வாயை அடைத்தார். ஒரு வருடம் கழித்து மாமி இந்தக் காரை வாங்கினார். அவருடைய பெயரில், அவர் விருப்பப்படி, அவர் தெரிந்தெடுத்த நிறத்தில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை நான் அப்போது இப்படி யோசிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே வடிவான கார் எங்களுடையது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அப்பா பிறம்ரனில் உள்ள ஒரு கம்பனிக்கு லொறி ஓடுபவர். பனிக்காலத்தில் நெடுஞ்சாலையில் தலைகீழாகக் கிடக்கிற கார்களை அவர் கிழமைக்கு இரண்டு மூன்று காண்பார். கண்டதை வீட்டுக்கு வந்து சொல்லமாட்டார், ஆனால் அன்றைக்குத் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருப்பார். முதல் பனி விழுந்த நாள் சாப்பாட்டு மேசையில் அவர் மாமிக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

“ஸ்னோவிலை ஆருக்கும் சறுக்கும், அதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் உது கவனமான ஆக்கள் ஓடுற கார். உன்ரை கவனக்குறைவாலை ஒண்டு நடந்துதெண்டால், ஏப்ரலிலை விக்கிறது. சரியோ?”

“சரி, அண்ணை,” என்றார் மாமி. வேறு ஒருவர் சொல்லியிருந்தால் மாமி கேட்டிருக்கமாட்டார். அப்பாவுக்கு அவரால் இல்லை என்று சொல்லமுடியாது.

அதற்குப் பிறகு மாமி அந்தக் காரைப் பராமரித்ததுபோல ஒரு கைக்குழந்தையைக்கூட ஒருவர் பராமரித்து நான் காணவில்லை. வின்ரர் ரயர் நாலும் நவம்பர் முடியுமுன் ஏறிவிட்டன. குளிருக்குக் காற்று இறங்கும் என்று கிழமைக்கு ஒருதரம் ரயர்களுக்குக் காற்று அளப்பார். எஞ்சின் சூடாகும்வரை முறுக்கமாட்டார். பெற்றோல் பாதிக்குக் கீழே போகவிடமாட்டார். கதவு உறைந்து ஒட்டாமலிருக்க ரப்பர் விளிம்புகளுக்கு ஏதோ எண்ணெய் பூசுவார். வீதிக்குப் போடுகிற உப்பு காரின் அடியைத் தின்றுவிடும் என்பதால், கொஞ்சம் குளிர் தணிந்த நாளில் காசு போட்டுக் கழுவுகிற இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், குனிந்து குனிந்து காரின் வயிற்றுக்குத் தண்ணீர் அடிப்பார். புறப்படுமுன் பார்க்கவேண்டியவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கராஜ் சுவரில் ஒட்டியிருந்தார். பெருவிரலால் ஒவ்வொரு வரியையும் தொட்டு வாய்க்குள் முணுமுணுத்த பிறகுதான் கார் அசையும்.

பின்னுக்குப் பாரம் இருந்தால் பின்சில்லு நிலத்தைப் பிடிக்கும் என்று ஒருநாள் மாமி கடையில் இருந்து இரண்டு பை மண் வாங்கி வந்தார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. காசு கொடுத்து மண் வாங்குகிற கொடுமையை இந்த நாட்டில்தான் கண்டேன் என்று அரைநாள் புறுபுறுத்தார். கடைசியில் மண் திரும்பக் கடைக்குப் போனது. மலிவு விலை போட்டிருந்த கிழமையில் அம்மா வாங்கிவைத்திருந்த அரிசிப் பைகள் டிக்கிக்குள் ஏறின. பாரம் பாரந்தானே, மார்ச் முடியச் சமைக்கலாம், அதுவரை குளிருக்கு வண்டும் பிடிக்காது என்பது அம்மாவின் கணக்கு. மாமியும் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். அந்த அரிசி மட்டும் சுவரில் ஒட்டிய தாளில் ஏறவில்லை. அரிசிக்குக் கால் முளைக்குமென்று ஆர் நினைத்தது!

அது முளைத்தது பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் மொன்றியலில் இருந்து குடும்பத்தோடு, எல்லாமாக ஆறு பேர், வந்துகொண்டிருக்கிறார்கள். பாதி வழிக்கு மேல் வந்துவிட்டார்களாம், மத்தியானம் எங்களோடுதான் சாப்பாடாம். அம்மா அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார். இரண்டு சுண்டுதான் இருந்தது, அது எங்களுக்கே காணாது. முதல்நாள் இரவு மழை விழுந்து உறைந்து, வெளியே படிகள்கூடக் கண்ணாடியாகக் கிடந்தன. அப்பா வாசலில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் போகிற பேச்சே இல்லை.

மாமி கீழே நித்திரை. அம்மா குசினிச் சுவரில் தொங்கிய காரின் மாற்றுத் திறப்பை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நானும் அம்மாவும் தம்பியின் பிளாஸ்ரிக் சறுக்கு வண்டியில் வலப்பக்கத்துப் பையை ஏற்றி, கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தோம். எனக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. குசினிக் கதவடியில் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“மாமி எழும்பினவுடனை சொல்லு. மறக்கக்கூடாது. வேற பாரம் ஏதும் வைச்சிட்டுத்தான் போகவேணும் எண்டு சொல்லு.”

நான் தலையாட்டினேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. பத்தரைக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய மகள், என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஒரு புதுவிதமான ஐபாட் விளையாட்டோடு வந்திருந்தாள். நாங்கள் இருவரும் என் கட்டிலில் போர்வைக்குள் கிடந்து விளையாடிக்கொண்டிருந்தபோது மாமி வேலைக்கு வெளிக்கிட்டு, கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு, அறைக்குள் தலையை நீட்டினார். “போட்டுவாறன், குஞ்சு,” என்றார். அந்த நிமிடம் எனக்கு அரிசி நினைவுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் திரையில் என்னுடைய முறை. இது முடிந்தவுடன் ஓடிப்போய்ச் சொல்லுவோம் என்று நினைத்தேன். முடிந்தபோது கராஜ் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினேன்.

கால்மணித்தியாலத்தில் மாமி தொலைபேசி எடுத்தார். எங்கள் தெரு பெரிய வீதியில் சேருகிற இடத்தில் ஓர் இறக்கமும் வளைவும் உண்டு. அங்கே காரின் பின்பக்கம் சுழன்று, முன்பக்கம் தெருவுக்குப் பொதுவான தபால் பெட்டிகளின் இரும்புக் காலில் போய் இடித்துவிட்டது. மாமிக்கு ஒரு கீறலும் இல்லை. அப்பா சப்பாத்தைச் சரியாகக்கூடப் போடாமல் ஓடினார், மொன்றியல் அங்கிள் பின்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் கார் மெதுவாக வீட்டுக்கு வந்தது. முன் விளக்கு ஒன்று உடைந்து, மட்காட் நெளிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். மாமி கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெளிவைத் தடவிப் பார்த்தார்.

அப்பா கோபப்படவில்லை. “ஐஸ். ரொட்டி வான் ஒண்டும் அதிலைதான் சறுக்கி நிக்குது. ஆர் ஓடினாலும் போயிருக்கும்,” என்று அம்மாவிடம் சொன்னார். மாமி பெரிதாக ஒரு மூச்சு விட்டதைப் பார்த்தேன். விஷயம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் வழியில் அப்பா அரிசிக் கதையை அங்கிளுக்குச் சொல்லியிருக்கிறார். அங்கிளுக்கு அந்த அதிசயத்தைப் பார்க்கவேண்டும். அவர் டிக்கியைத் திறந்தார்.

“ஒரு பக்கம்தானே பாரம் கிடக்கு?”

அம்மா தலையில் கைவைத்தார். “ஐயோ, மற்றது நான் எடுத்தது. மாமிக்குச் சொல்லு எண்டு பிள்ளையிட்டைச் சொன்னனான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள், தம்பி, எதிர்வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த மனிதர்கூட.

“மாமிக்குச் சொன்னனியோ?” என்று அப்பா கேட்டார்.

“ஓம், சொன்னனான்,” என்றேன். குரல் நான் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது.

மாமி என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. பிறகு கையுறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஓம் அண்ணை, சொன்னவள். நான்தான் மறந்துபோனன்.”

அப்பா நம்பமுடியாதவர்போல நின்றார். “மறந்துபோனியோ?”

“ஓம்.”

“அப்ப ஏப்ரலிலை விப்பம்,” என்றார் அப்பா. சந்தோஷமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு டிக்கியை மெல்லச் சாத்தினார். அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார். சோறு நல்ல பதம் என்று மொன்றியல் அங்கிள் இரண்டுதரம் சொன்னார்.

இப்போது நானே கார் ஓடுகிறேன். அந்த வளைவில் அந்த ஐஸில் இன்னொரு பை அரிசி காரைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அன்று எங்கள் வாசலில் நடந்த விசாரணை ஐஸைப் பற்றியதும் அல்ல. நான் சொல்லவில்லை என்று மாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கிடைப்பது ஆறு பேருக்கு முன்னால் ஓர் ஏச்சு, அவருக்குக் கார் மிஞ்சியிருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது வயதில் எனக்கு வெட்கம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. பொய் சொன்னது நான், அதற்குச் சாட்சி சொன்னது மாமி. பெரியவர்கள், அதுவும் மாமி, அப்பாவுக்கு முன்னால் பொய் சொல்வார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மூன்று நாள் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். மாமிக்கு ஞாபகமறதி. சொல்லாததையும் சொன்னதாக நினைக்கிற அளவுக்கு முற்றிவிட்டது. பாவம், இனி அவரை நான்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அப்படியே பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மாமி வேலைக்கு வெளிக்கிடும்போது படியில் போய் நிற்பேன். மாமி, தொப்பி எடுத்தனீங்களோ? மாமி, சாப்பாட்டுப் பெட்டி? மாமி, ஃபோன்? எல்லாம் எடுத்திருப்பார். இருந்தும் ஒவ்வொருதரமும் கைப்பையைத் திறந்து பார்த்து, ஓம் பிள்ளை, நல்லகாலம் கேட்டாய் என்பார். உடைந்த விளக்கை அவர் புதிதாகப் போட்டார், நெளிவை எடுத்தார். மார்ச் முழுக்க முன்போலவே காற்று அளந்தார், காரின் வயிற்றைக் கழுவினார். கார் விற்கப்போவதையும் மாமி மறந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நல்ல வேளை, அதை நான் அவரிடம் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு பெடியன் தகப்பனோடு காரைப் பார்க்க வந்தான். ஓடிப் பார்த்தான், அவனுக்குப் பிடித்துவிட்டது. மாமி அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார், எஞ்சின் சூடாகுமுன் முறுக்காதே, உப்பைக் காயவிடாதே. அவன் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினான். அப்பா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. எல்லாம் எழுதி முடிந்தபிறகு மாமி காருக்குப் பின்னால் போய்க் குந்தினார். வெகுநேரமாக எழும்பவில்லை. இந்த மாகாணத்தில் காரை விற்றால் நம்பர் பிளேட்டைக் கழற்றி நாங்களே வைத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு அம்மா அன்று காலைதான் சொல்லியிருந்தார். மாமிக்கு அது எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நான் ஓடிப்போனேன்.

“மாமி, நம்பர் பிளேட்டைக் கழட்ட மறந்துபோகாதேங்கோ!”

மாமி நிமிர்ந்து பார்த்தார். திருகாணிகள் இரண்டும் ஏற்கெனவே அவருடைய உள்ளங்கையில் இருந்தன. கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, குளிராக்கும் என்று நினைத்தேன்.

“நல்லகாலம் ஞாபகப்படுத்தினாய், பிள்ளை,” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குள் ஓடி, அப்பாவுக்கும் கேட்கிறமாதிரி, நான் இல்லாவிட்டால் மாமி எல்லாவற்றையும் மறந்துபோவா என்று அம்மாவிடம் சொன்னேன்.