செவ்வாய்க்கிழமைக் கோளாறு

ஒயரிங் சொல்லிக் கொடுப்பவளுக்குக் கரண்ட் ஷாக் எப்போதாவது ஒரு முறைதான் அடிக்கும். பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்கும் ஷாக்தான் அன்றாடம். வில்லியனூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடக்கும் இலவசப் பயிற்சி மையத்தில், வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கு வீட்டு ஒயரிங் கற்றுத் தருகிறேன். நாலு மாதப் பயிற்சி. முழுசாக முடித்தால்தான் சான்றிதழ். இதே மாதிரி மையங்களில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

தையல் மெஷின் எங்கே?

சேர்க்கை நாளன்று ஒதியம்பட்டிலிருந்து ஓர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரெல்லாம் சுவிட்ச் போர்டு. "தையல் மெஷின்லாம் வேற ரூம்ல கீதுங்களா?" என்றார். இங்கே தையல் கிடையாது, ஒயரிங்தான் என்றேன். பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்றாலே தையல் என்று யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை.

கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மகளின் கையிலிருந்த போனை ஒரு முறை முறைத்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். "சேத்துக்குங்க டீச்சர். எந்நேரமும் போனும் கையுமாத்தான் கீது. கரண்ட்ட தொட்டாலாவது அத கீழ வைக்குதா பாக்கலாம்."

ஏணி பிடிக்க ஆள்

வெண்ணிலா செலியமேட்டுப் பெண். இரண்டு பஸ் மாறி வருவாள். அப்பா ஏழுமலைக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை. இருக்கிற பதினாறு பேரில் கை வேலை சுத்தம் அவளிடம்தான். வாய் அதைவிடச் சுத்தம்.

இரண்டாம் மாதம் வெளி வேலைக்குக் கூட்டிப் போவேன். பாகூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் ஃபேன் மாட்ட வேண்டும். கடைக்காரர் மூன்று பெண்களைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆம்பள யாரும் வர்லியா?" என்றார். நல்ல பதிலாக ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வெண்ணிலா ஏணியை அவர் பக்கம் சாய்த்துவிட்டாள். "ஏணி புடிக்கத்தானே அண்ணே? அதுக்கு நீங்களே போதும்."

அண்ணாந்து பார்க்கும் வேலை

கடைக்காரர் கடைசிவரை ஏணியைப் பிடித்தார். சாயங்காலமே, அரிசி மில் பழக்கத்தில் ஏழுமலைக்குப் போன் போட்டு, உன் பெண் ஊர் பார்க்க ஏணி மேல் நிற்கிறாள் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஏழுமலை மையத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். மாதக் கடைசியோடு பெண்ணை நிறுத்திக்கொள்வதாகவும், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு அனுப்பப் போவதாகவும் நிதானமாகச் சொன்னார். நானும் அந்தத் தொழிற்பேட்டையில் ஆறு வருஷம் ஷிப்ட் பார்த்தவள்தான், அந்த வேலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு நன்றாக வருகிற பெண் பாதியில் நிற்கிறாளே என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. சான்றிதழ் கிடைக்காது, இத்தனை நாள் வந்தது வீண் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "ஒக்காந்து செய்யற வேலையா இருந்தா நானே முடிக்கச் சொல்லியிருப்பேன் டீச்சர். இது ஊரே அண்ணாந்து பாக்கற வேலையா கீதே."

கோளாறு கண்டுபிடிக்கும் வகுப்பு

செவ்வாய்க்கிழமைதோறும் நான் யாருக்கும் தெரியாமல் பயிற்சி போர்டில் ஒரு கோளாறு செய்து வைப்பேன். பெண்கள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாரம், ஃபேனுக்கும் பிளக்குக்கும் போகிற ஒரு சின்ன ஒயரை சுவிட்சிலிருந்து கழற்றிவிட்டேன். லைட் எரியும், மற்றதெல்லாம் செத்துக் கிடக்கும். கழற்றிய ஒயரை அப்படியே விடமாட்டேன். முனையில் டேப் சுற்றி, அடுத்து பிரிப்பவர் சிரமப்படாமல் டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்தும் வைப்பேன். இது என் கிறுக்கு. பிள்ளைகளுக்கும் அதைத் தொற்ற வைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த வெண்ணிலா, அன்று ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். பிறகு கன்னத்தில் கைவைத்து ஒரு கேள்வி கேட்டாள். ஆர்வம் என்று நினைத்து நான் பாராட்டினேன். "மிஸ், ஒயரிங் தெரியாதவங்க இத எத்தினி நாள் தேடுவாங்க?"

நாலாவது மாசப் பாடம்

அடுத்த திங்கட்கிழமை ஏழுமலையிடமிருந்து போன். வீட்டில் லைட் மட்டும் எரிகிறதாம். ஃபேனும் டிவியும் நாலு நாளாக ஓடவில்லையாம். ஊர் எலெக்ட்ரீஷியன் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்கிறாராம். மகளோ டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இது நாலாவது மாசப் பாடம்பா, எங்களுக்கு இன்னும் நடத்தல" என்று கையை விரித்துவிட்டாளாம். நீங்கள் ஒரு எட்டு வந்து பாருங்கள் என்றார். போனேன்.

மெயினை அணைத்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன ஒயர் கழன்று கிடந்தது. முனையில் டேப். டேப்பின் நுனி அழகாக மடித்திருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த வெண்ணிலா என் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவள் படிப்பு அங்கேயே முடிந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிக்கலான கோளாறுதான். நாலாவது மாசத்தில்தான் வரும். இப்போதைக்கு ஓட வைக்கிறேன், மறுபடி வந்தால் பயிற்சி முடித்த ஆள் வீட்டிலேயே இருப்பது நல்லது" என்று கூசாமல் சொன்னேன்.

ஃபேன் ஓடியது. ஏழுமலை அதன் கீழே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. "முந்தாநாளே பொட்டிய தொறந்து பாத்துட்டேன் டீச்சர். தானா வந்த கோளாறு இம்மாம் நேர்த்தியா டேப்பு சுத்திக்கினு ஒக்காராது. நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் கூப்புட்டேன். இவளுக்காவ நீங்களே பொய் சொல்றீங்கன்னா, முடிச்சிட்டே வரட்டும்."

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை வகுப்பில், டேப்பை அசிங்கமாகச் சுற்றுவது எப்படி என்றும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். தொழில் என்று வந்துவிட்டால் முழுசாகத் தெரிய வேண்டும், இல்லையா?