இடது பக்கத்துப் பிள்ளையார் கயிறு

பால்பாண்டியின் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து செண்பகவல்லி கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அதை அறிவு என்று நினைத்தாள். போகப் போகத்தான் அது வெறும் வாய் என்று விளங்கியது. மேலுதடு நிறைய மீசை, கீழுதடு நிறைய சவடால். இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஆளே இல்லை.

மீசையைப் பணயம் வைப்பது அவனுக்கு வெற்றிலை போடுவது மாதிரி. கோவில்பட்டியில் ஒரு டெம்போவைக் காட்டி, "சாயங்காலத்துக்குள்ள இத ஓட்டலன்னா மீசைய எடுத்துருதேன்" என்றான். டெம்போ ஓடவில்லை. மீசையையும் எடுக்கவில்லை. சட்டி பானையை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு வந்தான். அங்கே ஒரு தண்ணீர் மோட்டாருக்கு அதே சபதம், அதே முடிவு. அப்புறம் திருவனந்தபுரம். உதட்டுக்கு மேல் கிடந்த கைப்பிடி மயிருக்காக இரண்டு ஊர் போயிற்று.

கரமனையில் ஒரு தகரக் கொட்டகை ஒர்க் ஷாப், அதன் பின்னால் ஒற்றை அறை. தெருவில் போகிறவர்கள் "எடா பாண்டி" என்று கூப்பிடுவார்கள். தன் பெயரைச் சுருக்கிச் செல்லமாகக் கூப்பிடுவதாக நினைத்து அவன் கையாட்டுவான். தமிழ்நாட்டிலிருந்து வந்த எல்லாருக்கும் இங்கே அதுதான் இளக்காரப் பெயர் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இந்த மூன்றாவது ஊரில் அவளுக்குக் கால் ஊன்றிவிட்டது. தம்பானூர்ப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை. அங்கே பெண்பிள்ளைகள் அவளைச் சேச்சி என்றார்கள். தீயல் குழம்பு நன்றாக வந்த நாளில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறந்த வீட்டிலும் யாரும் அவள் சமையலுக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னொரு தரம் சட்டி பானையைத் தூக்குவதென்றால் அதற்கு அவள் ஆளில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பிச்சுமணி தன் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரிய ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆன அக்கிரகாரத்து மனிதர். வண்டி அவர் மாமனாருடையது. அவருக்கு அதை ஓட்டத் தெரியும் என்று சொன்னால் அது பாவம். வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை போய், ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, வழியெல்லாம் ஆட்டோக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு திரும்புவார்.

"பூஜையெல்லாம் போட்டேன், பால்பாண்டி. அதுக்கப்புறம் நல்ல மழை. மறுநாளே இப்படி ஆயிடுத்து. கிக்கரைச் சவிட்டினா வெண்ணெயில கால் வச்ச மாதிரி கீழ போறது. ஆன்டிக் வண்டி, கேட்டியா!"

"சாமி, ஒண்ணும் சொல்லாண்டாம். சத்தத்த வச்சே சொல்லிருவேன். கம்ப்ரஷன் இல்ல. பிஸ்டன் ரிங்ஸ் போச்சு, சிலிண்டர் உள்ளுக்குள்ள தேஞ்சு போச்சு."

"மீட்டர் வச்சுப் பாக்க வேண்டாமா?"

பால்பாண்டி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "இதான் மீட்டர்." பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் விரலை வைத்து, காலால் கிக்கரை மிதித்தான். காற்று விரலைத் தள்ளவில்லை. அவனுக்கு அதுவே போதும்.

எஞ்சின் பிரிந்தது. சிலிண்டர் லேத்துக்குப் போய்க் கடைசலாகி வந்தது. புது பிஸ்டன், புது ரிங்ஸ். திரும்பப் பூட்டும்போது தலைப்பகுதியில் ஒரு சின்ன கேபிளை மாட்ட வேண்டியிருந்தது. அது எட்டவில்லை. எட்டாத கேபிளைக் கண்டால் கொஞ்சமாவது மூளை இருக்கிறவன் ஏன் என்று யோசிப்பான். பால்பாண்டி குறடை எடுத்து இழுத்து மாட்டினான்.

கிக்கர் முன்னைப் போலவே வெண்ணெயில் இறங்கியது.

"ரிங்ஸ் செட் ஆகணும்" என்றான். மிதித்து மிதித்து அவன் இடுப்புதான் செட் ஆயிற்று.

கழக்கூட்டத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஜினு ஒருநாள் எதிரே இருந்த சாயாக்கடைக்கு வந்தான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"அண்ணா, பிளக் ஓட்டையில கொஞ்சம் ஓயில் ஊத்தி நோக்கியோ? கம்ப்ரஷன் கூடினா ரிங்ஸ் கேடு. கூடலைன்னா வேற எங்கயோ லீக்."

"எலே, நீ பொறக்கதுக்கு முன்னாலயே நான் எஞ்சின் இறக்குனவன்."

"இறக்கினது செரி. திருப்பி ஏத்தியோ?"

சாயாக்கடையே சிரித்தது. பால்பாண்டியின் கை மீசைக்குப் போனது. உள்ளறையில் அரிசி களைந்துகொண்டிருந்த செண்பகவல்லி கையை நிறுத்தினாள். வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா என் மீசைய எடுத்துருதேன்!"

"ஞாயித்துக்கிழமை நான் வண்டிய ஏத்திக்கொண்டு போக பிக்கப் கொண்டு வரும்" என்று ஜினு கிளாஸை வைத்தான்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே பால்பாண்டி சொன்னான்: "வித்துரா பக்கம் எஸ்டேட் ஜீப்பு நெறைய இருக்காம். அங்க போனா நமக்கு ராஜ மரியாத."

செண்பகவல்லி அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். கோவில்பட்டியில் இருந்தபோது மார்த்தாண்டத்தில் ராஜ மரியாதை என்றான். மார்த்தாண்டத்தில் இருந்தபோது திருவனந்தபுரத்தில் ராஜ மரியாதை என்றான். ராஜா போகிற இடமெல்லாம் பாத்திரம் சுமந்தது அவள் தலை.

காலையில் அவன் மறுபடி மிதிக்க ஆரம்பித்தபோது வாசலில் நின்று பார்த்தாள். மிதிக்கும்போதெல்லாம் சைலன்சருக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"சைலன்சர்ல என்னமோ சத்தம் வருதே."

"சைலன்சர்னா சத்தம் வரத்தாம்டி செய்யும். போய் சாம்பாரப் பாரு."

அந்தச் சத்தத்தில் அவள் சாம்பாரைத்தான் பார்த்தாள். ஹாஸ்டல் குக்கரில் வெயிட்டுக்கடியில் ஒரு பருப்பு சிக்கிக்கொண்டால் இதே சத்தம்தான். ஆவி ஒழுகிக்கொண்டே இருக்கும், விசில் வராது. அதற்காகக் குக்கரை லேத்துக்கு அனுப்புகிற கிறுக்கி யாரும் இல்லை. அவள் கண் அந்தக் குறடால் இழுத்த கேபிள் வழியே மேலே போனது. கேபிள் ஹாண்டிலின் இடது பக்கம், கிளட்சுக்குக் கீழே, ஒரு சின்ன லீவரில் முடிந்தது. எஞ்சினில் அடைபட்ட காற்றைத் திறந்து விடுகிற லீவர். அதையும் ஹாண்டிலையும் சேர்த்து, பிச்சுமணி சிவப்பும் மஞ்சளுமாகப் பிள்ளையார் கயிறு சுற்றியிருந்தார். ஒன்றா இரண்டா, கயிற்றுப் பந்தே இருந்தது. மழையில் நனைந்து சுருங்கி, லீவரை உள்ளே இழுத்து, காற்று ஒழுகும்படி திறந்தே பிடித்திருந்தது. எஞ்சினையே கூறு போட்டவன், சாமிக் கயிறு என்று அதை மட்டும் பயபக்தியாக விட்டுவைத்திருந்தான்.

இவனிடம் சொன்னால் மறுபடி சாம்பார்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சுமணி வந்தார். ஜினுவின் பிக்கப்பும் வந்து நின்றது. சாயாக்கடை பெஞ்சில் ஆள் நிறைந்தது. பால்பாண்டி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் இல்லாமல்.

செண்பகவல்லி ஹாஸ்டலுக்குப் புறப்பட்டவள் வண்டியருகே நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டா? பிள்ளையார் கயித்த இடது பக்கமாவா கட்டுவாங்க?"

பிச்சுமணி கயிற்றைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயையோ! பகவானே! எத்தனை நாளா இடது பக்கத்துல உக்காத்தி வச்சிருக்கேன்!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு, நகத்தால் முடிச்சைப் பிடுங்கினார். கடைசிச் சுற்று விலகியதும் லீவர் 'டக்'கென்று வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை அவளும் ஜினுவும்தான் கேட்டார்கள். ஜினு அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

பால்பாண்டி வழக்கம்போல அசட்டையாக மிதித்தான். கிக்கர் பாதி இறங்கித் திருப்பி அடித்தது. அடித்த அடியில் டயர் குவியல்மேல் போய் விழுந்தான். எழுந்து நொண்டிக்கொண்டே மறுபடி மிதித்தான். வண்டி புகையைக் கக்கி, கொட்டகைத் தகரம் அதிர ஓடியது.

"பாத்தியளா! ரிங்ஸ் செட் ஆயிட்டு!"

"ரிங்ஸாவது மண்ணாவது! பிள்ளையார் எடம் மாறினார், வண்டி கெளம்பித்து."

ஒரு வண்டிக்கு இரண்டு மடையர்கள். பிச்சுமணி அதே கயிற்றை அங்கேயே வலது பக்கத்தில் சுற்ற ஆரம்பித்தார். அந்தப் பக்கம் இருந்தது முன் பிரேக் லீவர். செண்பகவல்லி பார்த்தாள். ஹாஸ்டலுக்கு நடையைக் கட்டினாள். எவ்வளவுதான் அவிழ்த்துவிடுவது?

அடுத்த மழைக்கு மறுநாள் இரண்டு பேர் புல்லட்டின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன் வீல் சுற்றவில்லை.

"வீல் பேரிங்கு" என்றான் பால்பாண்டி, கிட்டப் போகாமலே. "நாளைக்குள்ள சரியாக்கலன்னா..." கை மீசைக்குப் போனது.

செண்பகவல்லி உள்ளே போய் ரேசரையும் சோப்பையும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள்.

"என்னடி இது?"

"வேண்டாம்னா வித்துராவுக்கு பஸ் இருக்கு. ஒரு டிக்கெட் எடுத்தாப் போதும்" என்றாள். "எனக்கு ஹாஸ்டல்ல பருப்பு வேகணும்."