தனகோடிக்குத் தெரியாமல்

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிப்போகும் வேன் தனகோடியுடையது; ஓட்டுவதும் அவர்தான். தெருவில் யார் வீட்டு விஷயமும் அவர் காதுக்குத் தப்பாது. சொந்த வீட்டு விஷயம்தான் கடைசியில் வந்து சேரும். மகள் பூங்கொடி ஐதராபாத் வேலைக்குச் சரி சொல்லிவிட்டாள் என்பதே பக்கத்து வீட்டு விஜயகுமாரி சொல்லித்தான் தெரிந்தது. மனுஷனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வேனில் போன் பேசுகிறவர்கள் நாளைக்கு நாலு தடவையாவது 'கீப் மீ இன் தி லூப்' என்பார்கள். முன்சீட்டு சுஷ்மிதாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா அது? தெனிக்கும் சொல்லிகினு கீறீங்களே?"

"நடக்கிறதை எனக்கும் அப்பப்போ சொல்லிடுங்க, என்னை விட்டுட்டு முடிவு பண்ணிடாதீங்கன்னு அர்த்தம்ண்ணா. மேனேஜர்கிட்ட சொன்னா கெஞ்சுறது. மேனேஜர் நம்மகிட்ட சொன்னா மிரட்டல்."

இத்தனை வருஷம் தன் வயிற்றெரிச்சலாய்க் கிடந்ததை இங்கிலீஷ்காரன் அரை வரியில் சொல்லிவிட்டானே என்று தனகோடிக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே மனைவிக்கும் மகளுக்கும் அறிவித்தார்: "கன்னியம்மா, பூங்கொடி, கேட்டுக்கோங்க. இனிமே கீப் மீ இன் தி லூப்பு! வூட்ல இன்னா நடந்தாலும் எனுக்கு மொதல்ல தெரியணும்."

கெஞ்சலா மிரட்டலா என்று அவருக்கே தெரியாது. அர்த்தத்தையும் விளக்கினார்.

பூங்கொடி சிரிக்கவில்லை. "அப்ப நீ சொல்லுப்பா. தொவைக்கப் போட்ட சட்டைல கண்ணாஸ்பத்திரி சீட்டு இருந்துச்சி. புரை முத்திப்போச்சி, ஆபரேசன் முடியறவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாதுன்னு போட்டுகீது. அத்த எழுதி ரெண்டு மாசம் ஆவுது. பதினாலு பேரு ஒன்ன நம்பி ஒக்காந்துகினு வராங்க."

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

"நான் சம்பாரிச்சி ஒன்ன வண்டிலேர்ந்து எறக்கணும்னுதான் அந்த ஐதராபாத் வேலைக்கு அவசரமா ஒத்துகினேன். சொன்னா வேணாம்னுவ. அதான் சொல்லல."

கன்னியம்மாவுக்கும் சீட்டு விஷயம் இப்போதுதான் தெரியும் போலிருக்கிறது. கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

தனகோடி சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்து மனைவி கையில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"பயமா கீதுடி."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத்த சொல்ல ஒனக்கு இருபத்தஞ்சி வருசமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.