நான் போட்ட வரிசை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலையில் ஒரு மாம்பழக் கூழ் ஆலை. அங்கே நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். குளிர் அறைக் கதவை இப்போது ஆள் பார்ப்பதில்லை, ஒரு ஏஐ ஏஜென்ட் பார்க்கிறது. அதைப் பொருத்த வந்தவர்கள் பெங்களூருக்குத் திரும்பும் அவசரத்தில் ஒரு பட்டியலை நீட்டினார்கள். குளிரூட்டும் அம்மோனியா வாயு கசிந்தால், அது வெளியே பரவாமல் கதவைப் பூட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் திறக்க வேண்டும். இரண்டும் மோதினால் எது முதலில்? வெளியே பேக்கிங் ஹாலில் நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். நாற்பது உயிர் பெரிதா, ஒன்று பெரிதா? டீ ஆறுவதற்குள் பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு இரண்டு என்று எண் போட்டுக் கொடுத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு வேறு.

போன மாதம் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு சைரன் அலறியது. நான் கேட் பக்கம் நின்றிருந்தேன். போனில் ஏஜென்டின் செய்தி வந்தது: "கசிவு. உள்ளே ஒருவர். உங்கள் வரிசைப்படி பூட்டியிருக்கிறேன். மாற்ற வேண்டுமா?" கூடவே ஒரு கேமரா படம். முகம் தெரியவில்லை, முதுகில் மெரூன் ஸ்வெட்டர் தெரிந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வாங்கிக் கொடுத்தது. என் மனைவிக்கு அதே ஆலையில்தான் சரக்கு சரிபார்க்கும் வேலை.

"திற" என்று அழுத்தினேன். ஹாலில் இருந்தவர்களை ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அதைச் சொல்ல இப்போதும் பயமாக இருக்கிறது.

நல்லவேளை, சின்னக் கசிவு. பெண்கள் எரியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். கடைசியாக அவள் வந்தாள்.

"தட்டு தட்டுன்னு தட்டினேங்க, தொறக்கவே இல்ல. உள்பக்கக் கைப்பிடியும் பனியில இறுகிக் கெடக்குது. எந்தப் பாவி இப்படிப் பூட்ட வெச்சான்?"

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அப்போது போன் மறுபடி அதிர்ந்தது.

"உங்கள் வரிசையை நீங்களே மாற்றினீர்கள். இனி இப்படி மோதினால் உள்ளே யார் இருந்தாலும் திறக்கவா, இவருக்கு மட்டுமா?"

என் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் படித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன போடப் போறீங்க?" என்றாள்.

கைப்பிடியை மறுநாளே சரி செய்துவிட்டேன். ஏஜென்டுக்கு மட்டும் இன்னும் பதில் போடவில்லை. போடும்வரை பழைய வரிசைதான் நடப்பில் இருக்கும். அவள் தினமும் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள்.