அப்பா பார்த்த மட்டமான படங்கள்

எங்கள் வீட்டு வீடியோ பெட்டியின் ரிமோட்டுக்கு நீளமான வால் ஒன்று உண்டு. அந்தக் காலத்து ரிமோட். கம்பியால் பெட்டியோடு கட்டிப்போட்டிருக்கும். அம்மா இறந்து ஆறாம் மாதம், பிரிக்பீல்ட்ஸ் வீட்டு ஹாலில் அதைக் கையில் பிடித்தபடி அப்பா கொலைப் படம் பார்க்கத் தொடங்கினார். ரயில்வேயில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துச் சைவர், முட்டைகூடத் தொடாதவர். மாலை நான்கு மணிக்குத் திருநீறு பூசிக்கொண்டு உட்காருவார். முகமூடி போட்ட எவனோ கோடாரியோடு வந்து ஆட்களை ஒவ்வொருவராக வெட்டித் தள்ளுவான். அப்பா தேநீரை ஆற்றிக் குடிப்பார்.

எனக்கு முதலில் எரிச்சல்தான். தக்காளி சாஸ் ரத்தம், தடுக்கித் தடுக்கி விழும் பெண்கள், கதை என்று மருந்துக்கும் கிடையாது. இன்று என்னிடம் படித்தவர்களே அந்தப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். மட்டமாக இருப்பதில்தான் ருசி என்கிறார்கள். அப்பாவின் ருசி வேறு. யாராவது செத்து விழும் காட்சி முடிந்ததும் டேப்பைப் பின்னால் ஓட்டுவார். வெட்டு விழும் இடத்துக்கு அல்ல, பிணம் கிடக்கும் இடத்துக்கு. மூன்று தரம், நான்கு தரம் பார்ப்பார். அது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது.

கிள்ளானிலிருந்து ஞாயிறுதோறும் வரும் அண்ணனும் இதைப் பார்த்துவிட்டான். “அப்பாக்கு மூளை பிசகிட்டுது. அடுத்த கிழமை இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறன். அவரையும் டொக்டரிட்டைக் காட்ட வேணும்” என்றான். என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் அவரிடமிருந்து ஒன்றைப் பறிக்க மனமும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க, நான் கற்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் கேட்டேவிட்டேன். “இந்தக் குப்பையில என்னப்பா இருக்கு?”

திரையில் ஒருத்தி சமையலறைத் தரையில் செத்துக் கிடந்தாள். அப்பா அவளைக் காட்டினார். “நல்ல படத்தில செத்தவை செத்தே கிடப்பினம், பிள்ளை. இவங்களிட்டைக் காசில்லை. ஒருக்கா எடுத்ததோடை விட்டிடுவாங்கள். வடிவாப் பார், நெஞ்சு ஏறி இறங்குது.”

பார்த்தேன். கழுத்தறுபட்டவள் சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை.

“அம்மாவையும் இப்பிடித்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். நர்ஸைக் கூப்பிட முன்னம், கால் மணித்தியாலம். ஒருக்கா அசைஞ்ச மாதிரி இருந்தது.”

அம்மா போன உடனேயே நர்ஸை அழைத்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார். நான் அழுதேன். அவர் டேப்பைப் பின்னால் ஓட்டினார். இருவரும் அவளை இன்னொரு தரம் பார்த்தோம்.

பெட்டி இங்கேதான் இருக்கும் என்று அண்ணனுக்கு அன்றே போன் செய்து சொன்னேன். மறுநாள் வீடியோ கடைக்கு நானே போனேன். கடைக்காரர் புதிதாக வந்த கேசட் ஒன்றை ஆசையாக நீட்டினார்.

“இத எடுங்க டீச்சர். நல்லா செலவு பண்ணி எடுத்திருக்கான். பொணமெல்லாம் நெசப் பொணம் மாதிரியே இருக்கும்லா.”

“அது வேணாம்” என்றேன். “உங்ககிட்ட இருக்கிறதிலேயே ஆக மட்டமான படம் எது?”