சீருடையைக் கழற்றிப் போட்டவள்

"பயந்து ஓடினாளா? யாரு, ஸைகாவா? வாய்க்கு வந்ததைப் பேசாதே ஆல்மா," என்றாள் ஹெர்தா. பால் வண்டிக்காகக் கேனோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. காட்டுக்குள்ள சீருடையைக் கழட்டிப் போட்டாளாம், துப்பாக்கியையும் விட்டுட்டாளாம். அதுக்குத்தானே நாளைக்கு விசாரணை? படையை விட்டே துரத்தப் போறாங்க."

"கழட்டினா. எதுக்குன்னு கேளு. கேக்காம உன்னை நகர விடமாட்டேன்."

லாத்வியா விடுதலை அடைந்து ஊருக்கு ஊர் ஊர்க்காவல் படை எழுந்தபோது, தபால் கொண்டுவரும் ஸைகாதான் இங்கே சேர்ந்த முதல் பெண். கொடுத்த சீருடை ஆண்கள் அளவு. காலுக்குச் சொந்த ரப்பர் பூட்ஸ். சனிக்கிழமை பயிற்சி. மற்றபடி காட்டுத்தீ அணைப்பதும், காளான் பறிக்கப் போய் வழி தவறியவர்களைத் தேடுவதும்தான் வேலை. "சண்டைக்குப் போறியா, காளானுக்கா?" என்று கேலி செய்தது இதே ஆல்மாதான்.

போன மாதம் வழி தவறியவர் ஹெர்தாவின் கணவர் ஃப்ரீசிஸ். கூவிக் கூவி ஹெர்தாவின் குரல் முதல் நாளே கம்மிப்போயிற்று. படை வரிசையாக நுழைந்து அவர் பெயரைக் கூவியது. கூடை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சதுப்பு விழுங்கியிருக்கும் என்று தலைவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஸைகா மட்டும், காட்டோரம் உட்கார்ந்திருந்த ஹெர்தாவின் பக்கத்தில் குந்தினாள். "அத்தை, கூப்பிட்டா மாமா பதில் சொல்வாருல்ல?"

"வீட்டுல சொல்வாரு. காட்டுல மாட்டாரு. சின்னப் பையனா இருந்தப்ப ரஷ்யச் சிப்பாய்ங்க வந்து குடும்பத்தையே சைபீரியாவுக்கு ரயில் ஏத்தினாங்க. இவரும் தம்பியும் காட்டுல ஒளிஞ்சாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். தம்பி பதில் சொன்னான், பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ நாங்க கூவக் கூவ அவரு உள்ளே உள்ளே போறாரு."

துப்பாக்கியைத் தலைவரிடம் கொடுத்தாள். மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹெர்தாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். "உங்க பசு பேரு என்ன அத்தை?"

பிறகு, சாயங்காலம் மாடு தேடுகிறவள் போல, "ப்ரூனா, வா, ப்ரூனா" என்று கூப்பிட்டுக்கொண்டே, தலைவரின் உத்தரவுக்குக் காத்திராமல் தனியாகப் போனாள். வெகுதூரம் உள்ளே, சாய்ந்த மரத்தின் வேருக்கடியிலிருந்து குரல் வந்தது:

"மாடு இந்தப் பக்கம் வரலையேம்மா."

முதுகில் சுமந்து கொண்டுவந்தாள். அன்றிலிருந்து ஃப்ரீசிஸ் இருமினால்கூட ஹெர்தாவுக்கு ஸைகாவைக் கும்பிடத் தோன்றும்.

ஆல்மா கேனைக் கை மாற்றிக்கொண்டாள். "இதை விசாரணையில போய்ச் சொல்லு. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலை ஸைகா சீருடையோடு கதவைத் திறந்து வெளியே வந்தாள். வாசலில் ஹெர்தாவும், சர்ச்சுக்குப் போடும் கோட்டில் ஃப்ரீசிஸும்.

"மாமா, அங்க எல்லாரும் சீருடைக்காரங்க. உங்களால முடியாது, வீட்டுக்குப் போங்க."

"பேர் சொல்லிக் கூப்பிடட்டும்," என்றார் ஃப்ரீசிஸ். "இருக்கேன்னு சொல்றேன்."