லேத் குடித்த டீ

ஒரகடம் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் முதல்வராக இருந்தபோது, இரும்பு கடையும் லேத் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். கட்டை மீசைக்காரர். என் அறைக்குள் நுழையுமுன், சுத்தமாக இருக்கும் கைகளையும் பேண்டில் துடைத்துக்கொள்வார்.

ஆண்டுதோறும் பட்ஜெட்டில் மாணவர்களுக்கு டீ கேட்பார். வீண்செலவு என்று அடித்துவிடுவேன். ஒரு வருடம் டீயே கேட்கவில்லை. எண்ணெய்ச் செலவு மட்டும் எகிறியிருந்தது.

"லேத் இவ்வளவு எண்ணெயா குடிக்குது?" என்றேன்.

"லேத் இல்ல சார், பசங்க. கம்பெனில நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வர்றானுங்க. தூங்கி விழுந்தா விரலு பூடும். டீ ஊத்தினாதான் லேத்து ஓடும். அப்ப அதுவும் எண்ணெய்தானே?"

வாய்விட்டுச் சிரித்துக் கையெழுத்திட்டேன். அவரும் சிரித்தார். அந்தப் பேனாவாலேயே எண்ணெயை அடித்து, டீ என்று எழுதியிருக்கலாம். ஏனோ எனக்குத் தோன்றவில்லை.